இரண்டு ஆசன வண்டி

35 ஆண்டுகள் பள்ளி வகுப்பிலும் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் பொதுப் போக்குவரத்தின் பெருமையைப் பேசிவந்த ஒருவர், அறுபதாவது வயதில் ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு பந்தயக் காரின் முன்னால் வாயடைத்து நின்றால் அவரைப் பற்றி நண்பர்கள் என்ன எண்ணுவார்கள்? அவ்வாறு நின்றவர் நாமே. நண்பர்கள் எண்ணியதையும் நாம் அறிவோம். சிலர் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தார்கள். வாங்குவதா, விடுவதா என்று 2025ஆம் ஆண்டில் மூன்று வாரங்கள் எம்மை அலைக்கழித்த அந்த வினாவை இங்கே ஒளிவுமறைவின்றி எழுத முற்படுகின்றோம். அது எமக்கு மட்டுமே உரிய வினாவாகத் தோன்றாமையே இதனை எழுதுவதற்குக் காரணம்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளுள் ஒன்றில் எமது வீடு உள்ளது. அயலிலே எழுந்துள்ள அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில், உறை போர்த்தபடி நெடுநாளாக ஒரு வண்டி நின்றது. உரியவர் ஒரு கணினிப் பொறியியலாளர். முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் இந்நாட்டை விட்டு அணி அணியாகப் புறப்பட்ட படித்த இளைஞர்களின் வரிசையில் அவரும் சேர்ந்துவிட்டார். அவுஸ்திரேலியாவுக்கான விசா கைக்கு வந்ததும் வண்டியை விற்க முனைந்தார். ஒரு மாலைப்பொழுதில் உறையை நீக்கிக் காட்டினார்.

அது மஸ்டா நிறுவனத்தின் வண்டி. 1989ஆம் ஆண்டில் வெளிவந்து, யப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட இனம். இரண்டே ஆசனங்கள், மடித்துவிடக்கூடிய துணிக்கூரை, நான்கு உருளைகள் கொண்ட 1.6 லீற்றர் என்ஜின்; ஏறக்குறைய 120 குதிரை வலு; ஆயிரம் கிலோவுக்கும் சற்றுக் குறைந்த எடை. இவ்வளவும் அதனைச் செய்தவர்கள் கொடுத்தவை. செய்தவர்கள் கொடுக்காத ஒன்றும் அதில் இருந்தது. இளைஞர் பொனட்டைத் திறந்து, பளபளத்த ஓர் அலுமினியப் பெட்டியைச் சுட்டிக்காட்டினார்.

“அங்கிள், இதுக்குப் பிறகு சுப்பர்சார்ஜர் போட்டிருக்கு. சாதாரண கார் மாதிரி நினைக்காதீங்க. மிதிச்சாப் பறக்கும்.”

மறுநாள் விடியற்காலை, வெள்ளவத்தைக் கடலோரப் பாதையில் எம்மை ஓட்டவும் விட்டார். ஒரு பக்கம் ரயில் தண்டவாளமும் அதற்கப்பால் கடலும். தெருவில் சனநடமாட்டம் இல்லை. காலைச் சற்றே அழுத்தினோம். முதுகை யாரோ பின்னிருந்து உந்தியது போன்ற ஓர் உணர்வு. செவியிலே மெல்லிய ஓர் ஊளை. கண்ணெதிரே பாதை சுருண்டு வந்தது. அரை நிமிடந்தான். ஆயினும், அந்த அரை நிமிடத்தில் நாம் அறுபது வயதினராக இருக்கவில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை.

முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவருக்கு இப்படி ஓர் ஆசை எழலாமா என்று கேட்ட நண்பர்களுக்கு எமது மறுமொழி ஒன்றுதான். இயந்திரத்தை வெறுப்பது எமது கொள்கை அன்று. நன்கு செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தில் எத்தனையோ தொழிலாளரின் கைத்திறனும் எத்தனையோ அறிஞரின் கணக்கும் கூடியிருக்கின்றன. அதனைக் கண்டு மகிழாதவன் மனித உழைப்பைக் கண்டு மகிழாதவன். வேகத்தை விரும்புவதும் குற்றமன்று. ஓடப் பழகிய குழந்தை நடப்பதில்லை. இங்கே ஆராய வேண்டியது வேறொன்று. அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

அதற்கு முன், எமது ஆசையின் வேரையும் சொல்லிவிட வேண்டும்.

எம் தந்தையாரும் ஆசிரியர். 1976ஆம் ஆண்டில், பலரும் கைமாற்றிப் பழகிய ஒரு மொறிஸ் மைனர் காரைத் தவணைக்கு வாங்கினார். சாம்பல் நிறம், வலப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதனைக் கழுவுவது எமது பணி. 1983 யூலை 25ஆம் திகதி, திங்கட்கிழமை. வெள்ளவத்தை எரிந்த நாள். எமது ஒழுங்கைக்குள் நுழைந்தவர்கள் முதலில் அந்தக் காரிடம் போனார்கள். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து, குழாய் விட்டு உறிஞ்சி வாளியில் எடுத்தார்கள். அந்தப் பெற்றோலைக் கொண்டே வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பின்னர் காருக்கும் வைத்தார்கள். அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தாரின் பின்னறையில், யன்னல் இடுக்கின் வழியாக நாம் அதனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எமக்கு அப்போது வயது 18. எம்மை மறைத்து வைத்த அந்த வீட்டாரின் துணிவையும் அன்றைய நாளோடு சேர்த்தே நினைப்பது எமது வழக்கம்.

முகாமில் சில நாட்கள், பின்பு கப்பலில் காங்கேசன்துறை, சில ஆண்டுகளின் பின் மீண்டும் கொழும்பு. தந்தையார் அதன்பிறகு கார் வாங்கவில்லை. ஓய்வு பெறும்வரை பஸ்ஸிலேயே பள்ளிக்குப் போய் வந்தார். நாமும் அவ்வாறே. பஸ்ஸில் போனது எமது கொள்கை என்று இத்தனை காலமும் நம்பியிருந்தோம். கொள்கையின் அடியில் ஓர் எரிந்த காரும் கிடந்தது என்பதை அந்தக் கடலோரப் பாதையில்தான் உணர்ந்தோம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் வாசகர் அறிய வேண்டும். ஆசிரியரின் பணிக்கொடையில் பந்தயக் கார் வாங்க இயலாது. 2021ஆம் ஆண்டில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியரும் அதிபரும் மூன்று மாதங்களுக்கும் மேலாகப் போராடிய நாடு இது. எமக்கு வேறொரு வரவு இருந்தது. வலிகாமம் வடக்கில், 1990ஆம் ஆண்டு முதல் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுக் கிடந்து, போர் முடிந்த பல ஆண்டுகளின் பின் விடுவிக்கப்பட்ட பரம்பரைக் காணியில் எமது பங்கை விற்றிருந்தோம். கிணறு தூர்ந்து, எல்லைவேலி எது என்று தெரியாமல் பற்றை மூடிய நிலம். அதன் பெறுமதி பணிக்கொடையோடு சேர்ந்து வங்கியில் கிடந்தது. அந்தப் பணத்தைத்தான் ஓர் அலுமினியப் பெட்டிக்காக எடுக்கலாமா என்று நாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி, அந்தப் பெட்டியின் கதை.

என்ஜின் என்பது மூச்சு விடும் ஒரு பொருள். பிஸ்டன் கீழிறங்கும்போது உருளைக்குள் காற்று புகுகிறது. அக்காற்றோடு பெற்றோல் கலந்து எரிகிறது. எரிவதால் பிறக்கும் அமுக்கம் பிஸ்டனைத் தள்ளுகிறது. எவ்வளவு காற்றுப் புகுகிறதோ அவ்வளவு பெற்றோலையே முழுமையாக எரிக்கலாம். எம்மைச் சூழ்ந்த வளிமண்டலம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14.7 இறாத்தல் அமுக்கத்தில் காற்றைத் தருகிறது. அதற்கு மேல் தருவதற்கு இயற்கை ஆயத்தமாக இல்லை. சுப்பர்சார்ஜர் அந்த இடத்தில் வந்து நிற்கிறது. என்ஜினின் சுழற்சித் தண்டிலிருந்து ஒரு பெல்ட்டினால் இயக்கப்பட்டு, வெளிக்காற்றை அள்ளி, அமுக்கி, உருளைக்குள் திணிக்கிறது. வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் 6 இறாத்தல் கூட்டினால், கணக்கின்படி நூற்றுக்கு நாற்பது பங்கு மேலதிகக் காற்று உட்செல்லும். அதற்கேற்பப் பெற்றோலும் செல்லும், வலுவும் ஏறும். அந்த வலுவில் ஒரு பகுதியைப் பெட்டியே தன் கூலியாக எடுத்துக்கொள்ளும் என்பது வேறு கதை.

இந்தப் பெட்டியின் மூதாதை காருக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கொனர்ஸ்வில் என்னும் ஊரில், கம்பளி ஆலை நடத்திய றூட்ஸ் சகோதரர்கள் இருவர், ஆலையின் நீர்ச்சக்கரத்துக்கு மாற்றாக ஒரு சுழற்கருவியைச் செய்ய முயன்றார்கள். ஒன்றோடொன்று பிணைந்து சுழலும் இரு உருளிகளைக் கொண்ட அக்கருவி நீரைவிடக் காற்றை நன்றாகத் தள்ளியது. 1860ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றனர். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்றூதவும் சுரங்கங்களுக்குக் காற்றுச் செலுத்தவும் அது பயன்பட்டது. சுரங்கத்தின் ஆழத்தில் மூச்சுத் திணறிய தொழிலாளிக்குக் காற்றுக் கொண்டுபோன கருவியை யார் குறை சொல்வார்?

ஆகாய விமானத்திலும் அதற்கு நேர்மையான ஓர் இடம் இருந்தது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது, என்ஜின் இளைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிற்பயர் விமானங்களை இயக்கிய றோல்ஸ் றொய்ஸ் மேர்லின் என்ஜினுக்கு, ஸ்ரான்லி ஹூக்கர் என்ற பொறியியலாளர் திருத்தியமைத்த சுப்பர்சார்ஜர் உயரத்தில் இழந்த மூச்சைத் திருப்பிக் கொடுத்தது. அந்த என்ஜினோ அதனைத் தாங்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. அதற்கேற்ற உயர்தர எரிபொருளும் உடன் கொடுக்கப்பட்டது.

தாங்குவதற்கு அமைக்கப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குப் பென்ற்லி கார்களின் வரலாறு சான்று. 1920களின் இறுதியில் ஹென்றி பேர்க்கின் என்ற பந்தய வீரர், டொறதி பாகெற் என்ற செல்வச் சீமாட்டியின் பணத்துணையோடு, பென்ற்லி காருக்குச் சுப்பர்சார்ஜர் பூட்டினார். வண்டியை வடிவமைத்த டபிள்யூ. ஓ. பென்ற்லிக்கு அதில் உடன்பாடு இல்லை. வேகம் வேண்டுமானால் என்ஜினைப் பெரிதாக்க வேண்டும், இருப்பதற்குள் காற்றைத் திணிக்கலாகாது என்பது அவர் நிலை. 1930ஆம் ஆண்டு லு மான் நகரில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில், காற்றூதி பூட்டிய பென்ற்லிகள் பாதியிலேயே பழுதுற்று விலகின. காற்றூதி இல்லாத பென்ற்லிகள் முதல் இரண்டு இடங்களையும் பெற்றன. அதே ஆண்டு பிரான்சின் பெரும்பரிசுப் பந்தயத்தில் பேர்க்கின் இரண்டாவதாக வந்தார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஓட்டத்துக்கு அது தாங்கியது. இன்றும் செல்வர்கள் பெருவிலை கொடுத்துத் தேடுவது, தோற்றுப்போன அந்த வண்டிகளைத்தான்.

இவற்றையெல்லாம் இரவிரவாகப் படித்துக்கொண்டிருந்த எமக்கு, றூட்ஸ் சகோதரரின் கம்பளி ஆலை வெள்ளவத்தையின் ஓர் ஆலையை நினைவூட்டியது. எமது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஹவ்லொக் வீதியோரம், வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நின்றது. அந்த நிலத்தில் இன்று உயர்ந்த மாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த 1933ஆம் ஆண்டில், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த அவ்வாலைத் தொழிலாளர் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். படித்த இளைஞர் சிலர் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கொல்வின் ஆர். டி சில்வா தொழிற்சங்கத்தின் தலைவரானார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு வழிவகுத்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அவ்வேலைநிறுத்தம் எண்ணப்படுகிறது.

தறி அதே தறி. கை அதே கை. கூலியைக் குறைத்து, விளைவை மட்டும் குறையாமல் கேட்பது ஆலை முதலாளியின் கணக்கு. இருக்கின்ற உடம்பிலிருந்து மேலும் எடுப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று எண்ணுகிறான். அந்த உடம்பு எங்கே தேய்கிறது என்று அவன் குனிந்து பார்ப்பதில்லை. நாம் மட்டும் குனிந்து பார்த்தோமா? பளபளத்த பெட்டியைப் பார்த்தோம். அதன் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருந்தார்.

அவர் எமது பழைய மாணவர். துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுக் கராஜில் சேர்ந்தவர். கணிதத்தில் எமது வகுப்பிலேயே முதல்வராய் இருந்தவர் என்பதை எண்ணும்போதெல்லாம் எமக்கு நெஞ்சு உறுத்தும். இன்று புளூமெண்டால் வீதிக்கு அப்பால் ஓர் ஒழுங்கையில், தகரக் கூரையின் கீழ், இரு சிறுவயது உதவியாளருடன் சொந்தமாகக் கராஜ் நடத்துகிறார். வண்டியை அவரிடம் காட்டுவோம் என்றதும் இளைஞர் தயங்காமல் உடன்பட்டார்.

ஒரு வேலைநாட் காலையில் புறப்பட்டோம். கடலோரப் பாதை, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை என்று வந்து புறக்கோட்டைக்குள் நுழைந்ததும் வண்டி அசையாமல் நின்றது. முன்னால் கைவண்டிகள், பக்கத்தில் மூட்டை ஏற்றிய லொறிகள், நாட்டாமைகளின் கூச்சல். காற்றை அமுக்கும் கருவி பூட்டிய வண்டியை ஒரு கைவண்டித் தொழிலாளி சிரித்துக்கொண்டே கடந்து போனார். இளைஞரும் சிரித்தார். றேடியேற்றரின் வெப்பமானி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையை அடைய ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. அத்தூரத்தை எமது 155ஆம் இலக்க பஸ்ஸும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் கடக்கும்.

மாணவர் நான்கு பிளக்குகளையும் கழற்றினார். உருளை ஒவ்வொன்றிலும் அமுக்கமானியைத் திருகி, என்ஜினைச் சுழற்றி, அளவைச் சுவரிலே சுண்ணக்கட்டியால் எழுதினார். 165, 160, 165. நான்காவது 115. அந்த உருளைக்குள் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளந்தார், எண் ஏறியது. வாசலில் நின்ற எமக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவ்வாறன்று என்பது விளங்கியது. ஒயில் விட்டதும் அமுக்கம் ஏறினால், பிஸ்டன் வளையத்தின் பக்கமாகக் காற்றுக் கசிகிறது என்று பொருள்.

“சேர், வண்டி நல்ல வண்டி. செஞ்சவன் நல்லாத்தான் செஞ்சிருக்கான். மேல ஒண்ண ஏத்தி வச்சவன் கீழ எதையும் மாத்தல. பிஸ்டன் அதே பிஸ்டன், கஸ்கட் அதே கஸ்கட். மூணு சிலிண்டர் தாங்கிடிச்சு. நாலாவது தாங்கல.”

அமுக்கப்பட்ட காற்று சூடேறுகிறது. சூடேறிய கலவை, பொறி பறக்கும் நேரத்துக்குக் காத்திராமல் ஆங்காங்கே தானாகவே வெடிக்கிறது. பிஸ்டனின் தலையிலே சம்மட்டி அடிப்பதுபோல அடிக்கிறது. அதனைத் தவிர்க்க உயர்ந்த ஒக்டேன் பெற்றோல் வேண்டும். இந்நாட்டில் வழக்கமாகக் கிடைப்பவை 92உம் 95உம். விலையைப் பார்த்து 92ஐ ஊற்றிய நாட்களும் உண்டு என்று இளைஞர் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். அவர் ஏமாற்ற வந்தவர் அல்லர். அவரும் அந்த வண்டியைப் பெட்டியோடுதான் வாங்கியிருந்தார்.

பிறகு மாணவர் எம்மைத் தனியே அழைத்துச் சொன்ன ஒரு வார்த்தையை நாம் மறக்கமாட்டோம்.

“சேர், நீங்க வாங்கினா நான்தான் செய்யணும். காசு எனக்குத்தான் வரும். அதனாலதான் சொல்றேன், வாங்காதீங்க.”

திரும்பும்போது இளைஞருடன் போகாமல் பஸ்ஸில் ஏறினோம். இருக்கை கிடைக்கவில்லை. மருதானை தாண்டும்வரை கம்பியைப் பிடித்து நின்றபடியே கணக்குப் போட்டோம். பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் பிஸ்டன் தேடும் செலவு. என்ஜினை இறக்கி ஏற்றும் கூலி. பதிவுப் புத்தகத்தில் இல்லாத ஒரு கருவியைக் காப்புறுதியாளரிடம் மறைத்தால் விபத்து நாளில் கையை விரிப்பார்கள், சொன்னால் கட்டணத்தை ஏற்றுவார்கள் என்ற நிலை. ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோதும் வரிச்சுமையால் பழைய வண்டிகளின் விலை எம்மைப் போன்றோருக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. 2022 யூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், வரிசையிலே நின்றபடி உயிர்விட்டவர்களையும், பின்னர் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்ததையும் நாம் மறந்துவிட முடியாது. அப்படி ஒரு காலம் மீண்டும் வராது என்று சொல்ல யாரால் முடியும்?

வேகத்தின் விலையை வண்டிக்கு வெளியே நிற்பவர்களும் கொடுக்க நேர்கிறது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை நரிமலைப் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர் மீது பாய்ந்து ஏழு பேரைக் கொன்றது. அவர்கள் எவரும் பந்தயத்தில் ஓடியவர்கள் அல்லர். 

இவ்வளவு கணக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்லிய பின்னரும் எமது மனம் அடங்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகின்றோம். அன்றிரவே இளைஞர் வந்தார். “அங்கிள், விலையக் குறைச்சுத் தாறன். சார்ஜரக் கழட்டி, பழைய பாகங்களப் போட்டுச் செய்யலாம். எல்லாம் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு,” என்றார். நேர்மையான பேச்சு. பெட்டியைக் கழற்றி, நான்காம் உருளையைச் சீராக்கிவிட்டால், மீதமிருப்பது அளவான மூச்சோடு ஓடும் அழகான ஒரு சிறு வண்டி. எமது எதிர்ப்பு முழுவதும் அந்தப் பெட்டிக்கே என்றால், பெட்டி போன பின் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? காணிப் பணத்தில் பாதி போதும். மனைவியார் எதுவும் சொல்லவில்லை. அவருடைய மௌனம் எத்தகையது என்பது எமக்குத் தெரியும்.

முன்விறாந்தையில் சாய்கதிரையில் இருந்த எம் தாயார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வயது 86. முழங்கால் வருத்தம், கிளினிக்குக்கும் கோயிலுக்கும் மட்டுமே வெளியே போவார். இளைஞர் போன பின் எம்மை அழைத்தார்.

“தம்பி, அதில எத்தினை பேர் ஏறலாம்?”

“இரண்டு பேர், அம்மா.”

“அப்ப நான் எங்க இருக்கிறது?”

நாம் விடை சொல்லவில்லை.

“ஐயான்ர காரில எட்டுப்பேர் போனம். கதவு துறக்காது, அதால நான்தான் எப்பவும் கடைசியா இறங்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு ராத்திரி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதிலதான். அவையள்தானே பிறகு எங்களை வைச்சிருந்தவை.” சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உனக்கு ஆசையெண்டால் வாங்கு. வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. எத்தினை பேர் ஏறலாம் எண்டுதான் கேட்டனான்,” என்றார்.

எரிந்த காரை மீட்பதாக எண்ணிக்கொண்டு, வேறெதையோ வாங்கப் போனோம். தந்தையார் இழந்தது வேகத்தை அன்று. அவருடைய மொறிஸ் மைனர் ஏற்றத்தில் இளைத்து நிற்கும். நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். அயலையும் உறவையும் ஏற்றிக்கொண்டு போன ஒரு பொருளையே அன்று எரித்தார்கள். தாயாரையும் மனைவியாரையும் ஒருங்கே ஏற்ற இயலாத ஒரு வண்டி, எவ்வளவு அழகியதாயினும், அந்த வெற்றிடத்தில் பொருந்தாது. மறுநாள் காலையில் இளைஞரிடம் போய் வாங்கவில்லை என்று சொன்னோம். அவர் வருந்தினாரேயன்றிக் கோபிக்கவில்லை.

ஆசை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. கடலோரப் பாதையில் விடியற்காலையில் ஏதேனும் ஒரு வண்டி உறுமிக்கொண்டு போனால் இன்றும் யன்னலருகே போய் நிற்கிறோம். எல்லோருக்கும் ஏற இடமுள்ள, நேரத்துக்கு வருகின்ற, மூதாட்டியும் சிரமமின்றி ஏறத்தக்க படியுள்ள பஸ் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே ஓடும் நாளில் எமது ஆசையின் கூர் சற்று மழுங்கலாம். 1958 சனவரி முதலாம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமான போது எம் தந்தையாரின் தலைமுறையினர் எதிர்பார்த்தது அத்தகைய ஒரு பஸ்ஸைத்தான். அது இன்னும் வந்து சேரவில்லை. அதற்காகப் பேசுவதை விடுத்துத் தனிவழி தேடியவர் என்று நண்பர்கள் எம்மைக் கடிந்தால் ஏற்றுக்கொள்கின்றோம்.

இளைஞர் தமது வண்டியைக் கொட்டாஞ்சேனைக் கராஜிலேயே சீர்செய்வித்தார். பழுதின் விவரம் முழுவதையும் சொல்லியே வேறொருவருக்கு விற்றுவிட்டு விமானம் ஏறினார். கழற்றிய சுப்பர்சார்ஜரைக் கூலியின் ஒரு பகுதியாக எமது மாணவர் ஏற்றுக்கொண்டார். அது இப்போது கராஜின் வேலைமேசையில் திறந்தபடி கிடக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் நாம் 155இல் ஏறிப் போய், அங்குள்ள இரு பையன்களுக்கும் கணக்கும் சிறிது பௌதிகமும் சொல்லிக் கொடுக்கின்றோம். அமுக்கம், கனவளவு, வெப்பம் ஆகியவற்றை விளக்க அதைவிட நல்ல உபகரணம் எந்தப் பள்ளி ஆய்வுகூடத்திலும் எமக்கு வாய்த்ததில்லை. இரு உருளிகளையும் கையால் சுழற்றியபடி, இளையவன் சென்ற வாரம் கேட்டான்:

“சேர், இவ்வளவு நல்ல சாமான், நீங்க ஏன் அத வாங்கல?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று முழுவதையும் சொல்ல முடியவில்லை. எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லி வந்தோம்.